பதிவேடு யார் கையில்? விளையாட்டுத் திடலுக்கு வரும் இலத்திரனியல் பட்டியும் எங்கள் பழைய அனுபவமும்

2025 செப்டெம்பர் முதலாம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். தீவகத்துக்கு விடிவு வருகிறது என்றார்கள் ஒரு சாரார். சதுப்பு நிலமும் பறவைகளும் என்ன ஆகும் என்று கேட்டார்கள் இன்னொரு சாரார். 1990 இல் கொண்டுபோகப்பட்டவர்களைப் போட்டு மூடியதாக ஊரவர்கள் சொல்லிவரும் கிணறுகளும் அதே மண்டைதீவில்தான் இருக்கின்றன என்று நினைவூட்டியவர்களும் உண்டு. இவை மூன்றும் பேசப்பட்டு வருகின்றன. பேசப்படாத ஒரு சின்ன விடயம் இருக்கிறது. விளையாட்டு பெரிதாகும் இடத்தில் பதிவும் பெரிதாகும். யார் உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எந்த வாசலால் வந்தார் என்பதை எழுதிவைக்கும் வேலை, ஆசிரியர்களின் கொப்பியிலிருந்து இயந்திரத்துக்கு மாறும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று போனால்தான் சுருவில் வரும். அந்தப் பாதையில் எத்தனை தடவை இறங்கி, அட்டையைக் காட்டி, பெயரைச் சொல்லி, திரும்ப ஏறியிருக்கிறோம் என்பது அந்த ஊரவர்களுக்குத் தெரியும். ஆகவே வாசலில் நின்று ஆட்களைப் பதியும் எந்தக் கருவியைப் பற்றியும் பேசுவதற்கு அவர்களுக்கு மற்றவர்களை விட அதிக உரிமை உண்டு. சுருவிலில் இன்று அப்படியொரு கருவி இல்லை. வந்த பிறகு பேசுவதைவிட வருவதற்கு முதல் பேசுவது நல்லது.

விளையாட்டு வீரர்களைப் பட்டி மூலம் பதியும் முறையின் சிக்கலைப் புரிந்துகொள்ள கிரிக்கெட்டைவிட சியர்லீடிங் நல்ல உதாரணம். எங்களில் பலருக்கு சியர்லீடிங் என்றவுடன் 2008 இல் தொடங்கிய ஐபிஎல் போட்டிகளில் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஆடியவர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அது வேறு. இது தனி விளையாட்டு. 1898 இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பார்வையாளர்களைச் சேர்ந்து கத்தவைத்த ஒரு மாணவரிடம் தொடங்கி, இன்று சர்வதேச சியர் சங்கம் வரை வளர்ந்திருக்கிறது. அந்தச் சங்கத்துக்கு சர்வதேச ஒலிம்பிக் குழு 2016 இல் தற்காலிக அங்கீகாரமும் 2021 ஜூலையில் முழு அங்கீகாரமும் கொடுத்தது. எங்கள் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டியன்று நடக்கும் உடற்பயிற்சிக் கண்காட்சியையும், ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் கட்டும் கோபுரத்தையும் இரண்டரை நிமிடத்துக்குள் அடக்கி, இசையும் சேர்த்தால் ஏறத்தாழ அதுதான். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளரும் எங்கள் பேரப்பிள்ளைகளில் சிலருக்கு இது சனிக்கிழமை வகுப்பு.

இதில் பதிவு ஏன் தலையிடி? ஓர் அணியில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஒரே நாளில் பல அணிகள், பல வயதுப் பிரிவுகள், பல தகுதி நிலைகள். ஒரே பிள்ளை இரண்டு அணிகளில் ஆடலாம். சில நிகழ்வுகளில் ஆடக்கூடாது. பன்னிரண்டு வயதுப் பிரிவுக்குள் பதினான்கு வயதுப் பிள்ளையை நுழைத்தால் அது அநியாயம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட; ஏனென்றால் அடியில் நிற்பவர் தாங்கக்கூடிய எடை, மேலே எறியப்படும் உயரம் எல்லாம் அந்தப் பிரிவை வைத்துத்தான் அனுமதிக்கப்படுகின்றன. மேடைக்குப் பின்னால் உடலைச் சூடாக்கும் நேரமும் நிமிடக் கணக்கில் பங்கிடப்படும். ஓர் அணி பிந்தினால் பின்னால் நிற்கும் அத்தனை அணிகளும் பிந்தும். இதை ஒரு ஆசிரியை வாசலில் நின்று பெயர் கூப்பிட்டுச் சமாளிக்க முடியாது. அதனால்தான் சில்லு வைத்த கைப்பட்டியும் கழுத்தட்டையும் வந்தன.

சில்லு என்பது பெரிய மந்திரம் இல்லை. தாள் போன்ற ஒரு துண்டு, அதற்குள் நூல் போன்ற ஓர் அலைவாங்கி, நடுவில் கடுகளவு சில்லு. மின்கலம் கிடையாது. வாசலில் இருக்கும் வாசிப்பான் ரேடியோ அலையை அனுப்ப, அந்த அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு சில்லு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். வங்கி அட்டையைத் தட்டுவது போல சில சென்ரிமீற்றரில் மட்டும் வேலை செய்யும் வகை ஒன்று. பல மீற்றர் தூரத்திலிருந்தே, பிள்ளை நிற்காமல் நடந்துபோகும்போதே வாசிக்கும் வகை இன்னொன்று. மரதன் ஓட்டங்களில் சப்பாத்தில் கட்டும் சில்லு இதன் உறவுதான். பொஸ்ரன் மரதன் 1996 இல் தன் நூறாவது ஓட்டத்தில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. பட்டி ஒன்றின் விலை சில சதங்கள்தான். செலவு வாசிப்பானிலும், எண்ணுக்குப் பின்னால் பெயரையும் பிறந்த திகதியையும் வைத்திருக்கும் கணினியிலும்தான் இருக்கிறது.

அந்தக் கணினியில்தான் விடயமே இருக்கிறது. பட்டிக்குள் பெயர் இல்லை, எண் மட்டும்தான். அந்த எண் யார் என்று சொல்லும் பதிவேடு வேறெங்கோ, வேறொருவரிடம் இருக்கிறது. பிள்ளை நாள் முழுக்கக் கையில் கட்டிக்கொண்டு திரிவது தன்னைப் பற்றிய தகவலை அல்ல, அதைத் திறக்கும் சாவியை. பெட்டியை அவள் ஒருநாளும் காணமாட்டாள்.

இந்தத் தொழில்நுட்பத்தின் பிறப்பையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையில் தெரியும் விமானம் தங்களுடையதா எதிரியுடையதா என்று அறிய, விமானத்துக்குள் ஒரு பதில் கருவியைப் பூட்டினார்கள். தரையிலிருந்து கேள்வி அலை போகும். நண்பன் என்றால் சரியான பதில் வரும். பதில் வராவிட்டால் சுடலாம். இன்று பிள்ளையின் கைப்பட்டியில் இருப்பது அதன் பேரன்தான். நண்பனா எதிரியா என்று கேட்பதற்காகப் பிறந்த கருவி என்றால் எங்களுக்கு விளக்கம் தேவையில்லை. சுற்றிவளைப்பில் வரிசையாக நிறுத்தி, சாக்கால் முகம் மூடிய தலையாட்டிக்கு முன்னால் நடத்திச் சென்ற காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். தலையாட்டி தலையை அசைத்தால் ஒரு பக்கம், அசைக்காவிட்டால் மறுபக்கம். இயந்திரம் அசைவுக்குப் பதிலாக ஒரு சத்தம் போடுகிறது. தலையாட்டியும் சரி, இயந்திரமும் சரி, தவறினால் யாரிடம் போய் முறையிடுவது என்று வரிசையில் நின்றவனுக்குத் தெரியாது.

இது மிகைப்படுத்தல் என்று இளையவர்கள் நினைக்கலாம். பிள்ளைகளின் விளையாட்டையும் சுற்றிவளைப்பையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கக்கூடாது. நோக்கம் வேறு, தண்டனை வேறு. ஆனால் பதிவேடு என்ற பொருளின் குணம் ஒன்றுதான். எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதோடு அது நிற்பதில்லை. இதை எங்களுக்கு யாரும் புத்தகத்திலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

வவுனியாவில் பாஸ் முறை இருந்தது. முகாமுக்கு வெளியே போக ஒரு பாஸ், ஊருக்குள் தங்க ஒரு பாஸ், கொழும்புக்குப் போக இன்னொன்று. அது நடமாடும் சுதந்திரத்தை மீறுகிறது என்று உயர் நீதிமன்றம் 2002 இல்தான் சொன்னது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின் குடாநாட்டை விட்டுக் கப்பலில் போவதற்கு இராணுவ அனுமதி வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி, 376 பேரைப் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். விடுதிகளில் யார் தங்கியிருக்கிறார் என்ற பதிவு அவர்களிடம் ஏற்கனவே இருந்தது. பாதுகாப்புக்காக என்று சொல்லி எடுத்த பதிவுதான். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனால் அதற்குள் பஸ் போய்விட்டது. போர் முடிந்து ஏறத்தாழ இரண்டு வருடங்கள் ஆகியும் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்துப் பதிந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் நீதிமன்றம் போன பிறகு, 2011 மார்ச்சில், அதை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு உறுதியளித்தது. எடுத்த படங்களும் படிவங்களும் திரும்பி வந்ததாக எவரும் சொல்லக் கேள்விப்படவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரியது ஓமந்தையும் வட்டுவாகலும். 2009 மே மாதம் வெளியே வந்தவர்களிடம், ஒருநாள் இயக்கத்தில் இருந்திருந்தாலும் வந்து பதியும்படி ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டதாக எத்தனையோ தாய்மார் ஆணைக்குழுக்களின் முன் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். பதிந்தார்கள். உள்ளே எடுத்தார்கள். முல்லைத்தீவு நீதிமன்றத்தில் நடந்த ஆட்கொணர்வு மனு விசாரணையில், சரணடைந்தவர்களின் பட்டியல் தங்களிடம் இருப்பதாக 58 ஆவது படைப்பிரிவின் அதிகாரி ஒருவர் ஒத்துக்கொண்டார். அதைக் கொண்டுவாருங்கள் என்று நீதிமன்றம் கேட்டபோது வந்தது வேறு பட்டியல்: புனர்வாழ்வு பெற்றவர்களின் பட்டியல். அதாவது உள்ளே போனவர்களின் பதிவைக் கேட்டார்கள், வெளியே வந்தவர்களின் பதிவு கிடைத்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்துக்காகத்தான் வீதியோரக் கொட்டகைகளில் தாய்மார் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள், இருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் பக்கத்திலிருந்து இந்தப் பட்டியைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, வாசலில் எவ்வளவு விரைவாக உள்ளே எடுக்கிறது என்பதை அல்ல. யாரிடம் ஒப்படைத்து, எத்தனை மணிக்கு வெளியே விட்டது என்பதை எழுதுகிறதா? அந்தப் பதிவை நான் கேட்டால் எனக்குக் காட்டுவார்களா? நாள் முடிந்ததும் அழிப்பார்களா?

விற்பவர்கள் காட்டும் விளம்பரங்களில் உள்ளே எடுப்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். வரிசை குறையும், நேரம் மிச்சம், மோசடி இல்லை என்பார்கள். மோசடி இல்லை என்பது முழு உண்மை கிடையாது. சியர்லீடிங் விதிகளின்படி ஆடும்போது நகை, காப்பு, சங்கிலி எதுவும் அணியக்கூடாது. மேலே எறிந்த பிள்ளையைப் பிடிக்கும் கையில் எது இருந்தாலும் அது கிழிக்கும். ஆகவே பட்டி பையிலோ கழுத்தட்டையிலோதான் பெரும்பாலும் இருக்கும். அட்டையை யாரும் யாருக்கும் கொடுக்கலாம். மரதனில் ஒருவரின் சில்லை இன்னொருவர் கட்டிக்கொண்டு ஓடிய கதைகள் நிறைய. வாசிப்பான் கண்டது அட்டையை, ஆளை அல்ல. தூரத்திலிருந்து வாசிக்கும் வகைக்கு இன்னொரு குறையும் உண்டு. மனித உடலில் இருக்கும் நீர் அந்த அலையை விழுங்கிவிடும். இருபது பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி வாசலால் போனால் பதினெட்டுத்தான் பதிவாகலாம். மற்ற இருவரும் அங்கேதான் நிற்பார்கள். கணினிக்கு மட்டும் அவர்கள் வரவில்லை.

அந்த இருவர் யாராக இருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு நெடுந்தீவுதான் ஞாபகம் வருகிறது. தீவக வலயப் போட்டி வேலணைப் பக்கம் நடந்தால், நெடுந்தீவுப் பிள்ளை விடியமுன் எழும்பி, ஒரு மணித்தியாலம் அளவில் படகில் வந்து, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து வரவேண்டும். காற்றுக்காலத்தில் படகு எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று கடலைத்தான் கேட்கவேண்டும். இன்று அந்தப் பிள்ளை பிந்தினால் பொறுப்பாசிரியர் மற்றப் பாடசாலை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்வார். படகு பிந்திவிட்டது என்றால் அது எல்லோருக்கும் விளங்கும். அவளுடைய ஓட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். எட்டு மணிக்குப் பதிவு பூட்டு என்று கணினிக்குச் சொல்லிவிட்டால் எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு அவள் பட்டியலில் இல்லை. பிந்தியதற்குக் காரணம் எழுத அங்கே இடமும் இருக்காது. கொழும்பின் மணிக்கூட்டை வைத்துச் செய்த கருவிக்குக் கடல் தெரியாது. இதைத் திருத்த முடியாது என்றில்லை. கையால் திருத்தும் அதிகாரம் ஒரு ஆசிரியருக்கு இருக்கவேண்டும், அந்தத் திருத்தத்தை அவர் பெயரோடு பதிவேடு ஏற்கவேண்டும். வாங்கும்போதே கேட்டால் கிடைக்கக்கூடியது அது.

நல்ல பக்கத்தையும் சொல்லவேண்டும். ஆயிரம் பிள்ளைகள் திரளும் நிகழ்வில் ஒரு பிள்ளை தவறிப்போனால், கடைசியாக எந்த வாசலைத் தாண்டினாள் என்று அறிவது பெரிய உதவி. மேலேயிருந்து விழுந்து மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு ஒவ்வாமை என்ன, தாயின் தொலைபேசி எண் என்ன என்று உடனே எடுக்க முடிந்தால் அது உயிர் காக்கும். பயிற்றுநர் ஒருவர் தடை செய்யப்பட்டவரா என்று வாசலிலேயே தெரிவதும் நல்லதுதான். பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்தவர்கள் ஒரு கழகத்திலிருந்து இன்னொரு கழகத்துக்கு மாறித் திரிவது உலகம் முழுக்க விளையாட்டில் உள்ள நோய். அந்த வகையில் பெரியவர்களுக்குத்தான் முதலில் பட்டி கட்டவேண்டும் என்பது என் கட்சி.

வெளிநாடுகளில் என்ன நடந்தது? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்ரோனியோ நகரின் கல்வி வலயம் ஒன்று 2012 இல் மாணவர் அட்டைக்குள் இந்தச் சில்லை வைத்து வருகையைப் பதியப் பார்த்தது. ஒரு மாணவி அணிய மறுத்து வழக்குக்குப் போனார். வழக்கில் வலயம் வென்றது. ஆனாலும் அடுத்த வருடமே திட்டத்தைக் கைவிட்டது. செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று கண்டார்கள். சுவீடனில் ஷெலெப்தியோ என்ற ஊரின் பாடசாலை, 22 மாணவர்களின் வருகையை மூன்று கிழமைக்கு முகத்தை வைத்துப் பதிந்து பரீட்சித்தது. பெற்றோரிடம் சம்மதம் வாங்கித்தான் செய்தார்கள். 2019 இல் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2 இலட்சம் குரோணர் தண்டம் விதித்தது. காரணம் கவனிக்கத்தக்கது: பாடசாலைக்கு முன் மாணவர் கீழ்ப்பட்ட நிலையில் இருக்கிறார், ஆகவே அங்கே கொடுக்கும் சம்மதம் சுயமான சம்மதம் ஆகாது. சோதனைச்சாவடியில் படிவத்தில் ஒப்பம் வைத்த எவருக்கும் இந்தத் தீர்ப்பு உடனே விளங்கும்.

எங்கள் நாட்டில் சட்டம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். பிள்ளைகள் பற்றிய தரவை அது விசேட வகையாகக் கணிக்கிறது. தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கச் சொல்லவும் உரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமைகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவேண்டியிருந்து, அந்தத் திகதி கைவிடப்பட்டது; அதே வருடம் சட்டத்துக்குத் திருத்தமும் வந்தது. இந்தப் பக்கம் சட்டம் பிந்த, அந்தப் பக்கம் டிஜிற்றல் அடையாள அட்டைத் திட்டம் முந்துகிறது. முகம், கருவிழி, விரலடையாளம் மூன்றையும் எடுக்கும் அந்தத் திட்டத்துக்கு இந்தியா 2023 ஓகஸ்டில் 450 மில்லியன் இந்திய ரூபாவை முற்பணமாகக் கொடுத்தது. நாளைக்கு ஒரு விளையாட்டு அட்டையின் எண்ணும் தேசிய அடையாள எண்ணும் ஒன்றாக இணைந்தால், பதினொரு வயதில் ஓடிய ஓட்டத்தின் பதிவு முப்பது வயதில் எந்த மேசையில் கிடக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. பூட்டைப் போடாமல் பெட்டியை நிரப்பும் வேலை இது.

சுருவில் அளவில் பார்த்தால் இதெல்லாம் வேடிக்கையாகக்கூடத் தோன்றலாம். பிள்ளைகள் குறைந்து பாடசாலைகள் மூடப்படுமோ என்று பயந்திருக்கும் தீவகத்தில், திடலுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி, பேரனார் பேரும் சொல்லி அழைக்க ஆள் இருக்கிறது. அங்கே சில்லுக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு கொப்பியும் நாலு கோடும் போதும்: பெயர், வந்த நேரம், போன நேரம், கூட்டிப்போனவரின் ஒப்பம். கடைசிக் கோடுதான் முக்கியம். பெரும்பாலான இடங்களில் அதுதான் போடப்படுவதில்லை. நெடுந்தீவு, நயினாதீவுப் பிள்ளைகளுக்கு ஐந்தாவதாக ஒரு கோடும் வேண்டும், படகில் ஏறிய நேரத்துக்கு.

பெரிய மைதானம் வந்து, மாகாண, தேசியப் போட்டிகள் தீவகத்துக்கு வரும்போது கொப்பி போதாமல் போகும். அப்போது ஏதோ ஒரு கம்பனி, ஏதோ ஒரு திணைக்களத்தின் கடிதத்தோடு பட்டிப் பெட்டியைக் கொண்டுவரும். பெற்றோர் கையில் இப்போதைக்கு இருக்கும் கருவி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். வலயக் கல்விப் பணிமனைக்கும் விளையாட்டுத் திணைக்களத்துக்கும் அதன் கீழ் கடிதம் எழுதலாம், தமிழில் எழுதலாம், 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லவேண்டும். கேட்கவேண்டியதையும் நேராகக் கேட்கலாம்: எங்கள் பிள்ளைகளின் பெயரும் பிறந்த திகதியும் எந்தக் கம்பனியின் கணினியில், எந்த நாட்டில் இருக்கிறது? பொலிஸோ படையினரோ கேட்டால் யாருடைய உத்தரவின் பேரில் கொடுப்பீர்கள்? எத்தனையாம் நாள் அழிப்பீர்கள், அழித்ததற்குச் சான்று யார் தருவார்?